முழு வோல்டேஜ், சொன்ன நேரம்: மாரண்டஹள்ளிச் சிறுதொழிலோரின் கொள்கைப் பிரகடனம்

மாரண்டஹள்ளியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் மோட்டாரை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். மாவு மில்லும் எண்ணெய்ச் செக்கும் நடத்துகிறவர்கள், லேத்தும் வெல்டிங்கும் வைத்திருப்பவர்கள், மரம் அறுப்பவர்கள், பட்டு நூற்பவர்கள், உருப்படிக் கணக்கில் தைக்கிற பெண்கள், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள். எங்களை முதலாளி, தொழிலாளி என்று இரண்டு பக்கமாக நிறுத்திவிட முடியாது. பட்டறைக்குச் சொந்தக்காரரே மெஷினில் நிற்கிறார். பக்கத்தில் நிற்கிற பையன் உறவுக்காரப் பையனாகவோ, நாளைக்குத் தனியாகப் பட்டறை போடப் போகிறவனாகவோ இருப்பான். கரண்ட் போனால் இருவர் கையும் ஒரே நொடியில் நிற்கிறது.

மலிவு மின்சாரம் கேட்டு இந்த இயக்கத்தைத் தொடங்கவில்லை. இலவசமும் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: மும்முனை மின்சாரத்தில் மூன்று முனையும் சேர்ந்து வரவேண்டும். வோல்டேஜ் சரியாக இருக்கவேண்டும். நிறுத்துவதானால் முன்னால் சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பத் தரவேண்டும். இதில் தவறினால் அது எங்காவது எழுதப்பட வேண்டும், எழுதியதை எவரும் படிக்கும்படி வைக்கவேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு சிறு பட்டறை வளர்வதும் அப்படியே நின்றுவிடுவதும் இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் முடிவு.

எங்கள் மாவட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் வந்தது, டைட்டன் வந்தது. அப்போது அவையெல்லாம் தருமபுரி மாவட்டத் தொழிற்சாலைகள். 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது. தக்காளி, மா, பட்டுக்கூடு, பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலை, இவற்றோடு நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிற ரயில்பாதை மட்டும் பழையபடியே இருக்கிறது. அந்தப் பாதையில் எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். போவதைக் குறை சொல்லவில்லை. இங்கேயே லேத் பிடித்துக் கற்றுக்கொண்ட பையன் இன்னொரு ஊரில் லேத் பிடிக்கப் போவதற்குச் சம்பளம் ஒன்றே காரணமா என்றுதான் கேட்கிறோம்.

பொருளாதாரம் படித்தவர்கள் இதை உற்பத்தித்திறன் என்பார்கள். எங்கள் கணக்கில், ஒரு ஆள் ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படி நல்லபடியாக முடித்து இறக்குகிறான் என்பதுதான் அது. மின்சாரம் இதை எப்படித் தின்கிறது என்பதைப் பட்டறையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தப்பாகவே போடுகிறார்கள். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எட்டில் ஒரு பங்கு நட்டம் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஒரு மணி நேரம் ஒரே தவணையாக, முன்கூட்டிச் சொல்லிப் போனால் எங்களுக்கு எட்டில் ஒரு பங்குகூட நட்டமாகாது. சாப்பாட்டு வேளையை நகர்த்திக்கொள்வோம், உருப்படிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வோம், சரக்கு எடுக்க ஆளனுப்புவோம். அதே ஒரு மணி நேரம் பத்துப் பத்து நிமிடமாக ஆறு தடவை போனால் அன்றைய ஷிப்டே போய்விடும். லேத்தில் ஓடிக்கொண்டிருந்த வேலை பாதி வெட்டில் நின்றால் டூல் பதிந்த இடத்தில் தடம் விழுகிறது. மறுபடி செட் பண்ணி, அளவு பார்த்து, முதலிலிருந்து ஓட்டவேண்டும். பிளாஸ்டிக் வார்க்கிற மெஷினில் உருகியது உள்ளேயே இறுகிவிடும். திரும்பச் சூடேற்றி, கெட்டதை வெளியே தள்ளின பிறகுதான் அடுத்த உருப்படி. ஆகவே எத்தனை மணி நேரம் போனது என்பதோடு எத்தனை தடவை போனது என்பதையும் எண்ணவேண்டும். மின்வாரியங்களின் கணக்கு முறையிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. எங்கள் மின்மாற்றிக்கு அந்த எண் என்ன என்று கேட்டால் பதில் சொல்லத்தான் ஆளில்லை.

பட்டு நூற்பைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது இந்த மண்ணின் தொழில். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் எடுத்து வந்த கூட்டை வெந்நீரில் வேகவைத்து, பசை இளகியதும் இழை பிடித்து மெஷினில் ஏற்றவேண்டும். வெந்த கூடு காத்திருக்காது. மெஷின் நின்றால் இழை அறுகிறது, தொட்டியில் கிடக்கும் கூடு மேலும் வெந்து நைகிறது, அதிலிருந்து வரும் நூல் தரம் இறங்குகிறது, கழிவு கூடுகிறது. கூட்டுக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான். இரும்புக் கம்பி நாளைக்கும் கம்பியாகவே கிடக்கும். வெந்த கூடும் நறுக்கிய தக்காளியும் பிழிந்த மாங்கூழும் அப்படிக் கிடப்பதில்லை. எங்கள் வட்டாரத்துத் தொழிலில் பாதி விளைச்சலை ஒட்டிய தொழில் என்பதால், இரும்பு வேலை செய்கிற ஊரைவிட மின்தடை எங்களை அதிகம் கடிக்கிறது.

இதைப் பற்றி உலகில் நிறைய ஆய்ந்திருக்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளையே எடுத்து ஹன்ட் ஆல்காட், ஆலன் காலர்ட்-வெக்ஸ்லர், ஸ்டீபன் ஓ'கானல் என்ற மூவர் செய்த ஆய்வு 2016இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்தது. மின்பற்றாக்குறையால் சராசரித் தொழிற்சாலை ஒன்றின் வருமானம் 5 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. உற்பத்தித்திறனில் விழும் அடி அதைவிடச் சிறியது, ஏனென்றால் மூலப்பொருளில் பெரும்பகுதியைக் கரண்ட் வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு, அவ்வளவுதானா என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வின் இன்னொரு முடிவை அவர்கள் வாசிப்பதில்லை. ஜெனரேட்டர் பெரிதாகப் பெரிதாக ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு குறைகிறது. அதனால் பற்றாக்குறையின் சுமை சிறிய ஆலைகள் மேல் கூடுதலாக விழுகிறது, எந்த அளவு ஆலை நிலைக்கும் என்பதே மாறிப்போகிறது. இன்னொன்றையும் நாங்கள் சேர்த்துச் சொல்கிறோம். அந்த ஆய்வுக்கு அடிப்படையான அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பில், மின்சாரம் உள்ள இடமானால் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பதிவு பெற்ற தொழிற்சாலைகள்தான் வரும். நான்கு பேர் வேலை செய்கிற மாரண்டஹள்ளிப் பட்டறை அந்தக் கணக்குக்குள்ளேயே இல்லை. சிறியதுக்கு அடி அதிகம் என்று சொன்ன கணக்கில் அவற்றைவிடச் சிறியவர்களான நாங்களே விடுபட்டிருக்கிறோம் என்றால், எங்கள் அடி எவ்வளவு என்பதை நாங்களேதான் எழுதவேண்டும்.

சீனாவிலும் 1999 முதல் 2004 வரையான பற்றாக்குறைக் காலத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஆலைகள் ஜெனரேட்டருக்கு ஓடவில்லை. தாங்களே செய்துகொண்டிருந்த பாகங்களை வெளியில் வாங்கத் தொடங்கின. உற்பத்திச் செலவு ஏறத்தாழ 8 சதவீதம் ஏறியது, ஆனாலும் ஆலை ஓடியது. இது எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. வெளியில் வாங்குகிறவன் எங்கே வாங்குவான்? கரண்ட் நிற்காத ஊரில். நாங்கள் அவனுக்கு விற்கிற இடத்தில் இருக்கவேண்டியவர்கள். ஓசூர்க் கம்பெனிக்கு ஒரு பாகம் செய்து தர எங்கள் கைக்குத் தெரியும். வியாழக்கிழமை டெலிவரி என்று எழுதிக் கையெழுத்துப் போடத்தான் தைரியம் வருவதில்லை. எங்கள் கணக்கில் ஆகப் பெரிய நட்டம் இதுதான், ஏற்றுக்கொள்ளாமல் விட்ட ஆர்டர். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது வராது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை.

2008 முதல் 2015 வரை தமிழ்நாடு பட்ட பாடு எவருக்கும் மறந்திருக்காது. 2008 நவம்பரில் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது, மாலை உச்ச நேரத்தில் மின்சாரம் எடுக்கவே கட்டுப்பாடு. 2012 பிப்ரவரியில் சென்னைக்கு இரண்டு மணி நேரமாக வெட்டு கூடியபோது மற்ற ஊர்களுக்கு நான்கு மணி நேரம் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு மழைக்காலத்தில் வெளி மாவட்டங்களில் 14 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. அறிவிக்கப்படாத மின்வெட்டு என்ற சொற்றொடர் அப்போதுதான் தினசரிகளில் நிரந்தரமாகக் குடியேறியது. கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 2015 ஜூனில்.

ஏன் அப்படி ஆனது என்பதையும் பேசவேண்டும், ஏனென்றால் காரணம் புரியாத கோபம் அடுத்த தேர்தல்வரைக்கும்தான் உதவும். மேட்டூர் மூன்றாம் நிலை, வடசென்னை இரண்டாம் நிலை, வல்லூர் எல்லாம் தாமதமாகின. கூடங்குளத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்பில் இணைந்தது. காற்றாலை மின்சாரம் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், அதற்குப் பிறகு கையை விரிக்கும். வெளியில் விலைக்கு வாங்கலாம் என்றால், தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பித்தடம் வந்த பிறகுதான். அதற்கு முன் வடக்கே மிஞ்சினாலும் நமக்கு வர வழி குறுகல். இதற்கெல்லாம் அடியில் பணக் கோளாறு. 2003க்குப் பிறகு 2010 வரை கட்டணத்தையே தொடவில்லை. ஏழாண்டு ஏற்றாத கட்டணம் அன்று எங்களுக்கு இனித்தது. அதன் விலையை 2012இல் டீசலாக ஊற்றிக் கொடுத்தோம். ஒரு லிட்டர் டீசலில் சிறிய ஜெனரேட்டர் மூன்று, மூன்றரை யூனிட் தரும். கம்பியில் வருகிற யூனிட்டைப் போல அது மூன்று மடங்குக்கு மேல் விலை. கட்டணத்தை ஒருபோதும் ஏற்றாதே என்ற கோஷத்தை இந்த இயக்கம் எழுப்பாது என்பதற்கு இதுதான் காரணம். இதைச் சொன்னால் எங்களுக்குள்ளேயே சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

இப்போது வெட்டு இல்லையே, பிறகு எதற்கு இயக்கம் என்று கேட்கலாம். மாநில அளவில் பற்றாக்குறை தீர்ந்தது உண்மை. பற்றாக்குறை தீர்வது வேறு, கம்பியின் கடைசியில் இருப்பவனுக்குச் சரியாக வந்து சேர்வது வேறு. உற்பத்தி நிலையத்தில் மிச்சம் இருக்கலாம், எங்கள் ஃபீடரில் மரக்கிளை விழலாம். மின்மாற்றி தாங்கும் அளவுக்கு மேல் இணைப்பு கொடுத்திருந்தால் மாலையானதும் வோல்டேஜ் இறங்கும். வீட்டில் விளக்கு மங்கினால் கண்ணுக்குத்தான் சிரமம். மோட்டாரில் கதை வேறு. வோல்டேஜ் 80 சதவீதமாக இறங்கினால் மோட்டாரின் முறுக்குவிசை 64 சதவீதமாகிவிடும், ஏனென்றால் அது வோல்டேஜின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது. பளு அதேதான், அதனால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது, சூடாகிறது, காப்பு உருகுகிறது, காயில் போகிறது. மூன்றில் ஒரு முனை மட்டும் போய்விட்டால் இன்னும் வேகமாக எரியும். எங்கள் இயக்கத்தில் காயில் கட்டுகிற தோழர்களும் இருக்கிறார்கள். வோல்டேஜ் சரியானால் உங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்டோம். "புது மோட்டார் மாட்டற வேலை வரும், அது போதும்ணா" என்றார்கள். இதைப் பதிவு செய்வது எங்கள் கடமை.

சூரிய மின்தகடு போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இப்போது அதிகம். போடத்தான் வேண்டும், போடுவோம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடவேண்டும். கம்பியோடு இணைக்கும் வகைத் தகடு, பேட்டரி இல்லாவிட்டால், கம்பியில் கரண்ட் நின்ற உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது மின்சாரம் பாயாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது, சரியான ஏற்பாடு. ஆகவே கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே கீழே மெஷின் நின்றிருக்கும். தகடு பில்லைக் குறைக்கும், மின்தடையைப் போக்காது. இரண்டையும் குழப்பி விற்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது நிலைக்கட்டணம். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண உயர்வில் யூனிட் விலையைவிட எங்களை அசைத்தது இதுதான். அதுவரை தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கு மாதம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய். அதற்குப் பின் 50 கிலோவாட் வரை 75 ரூபாய், அதற்கு மேல் 150 ரூபாய் என்று போனது. 112 கிலோவாட் வாங்கிய பட்டறை, அதாவது 150 குதிரைத்திறன், மாதம் 3,920 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தது அடுத்த ஆண்டில் 17,000 ரூபாயைத் தாண்டியது. கூடவே காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரக் கட்டணம். இதை எதிர்த்து 2023 செப்டம்பர் 25இல் தமிழ்நாடு முழுவதும் சிறு, குறுந்தொழில் கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை முழுமையாக ஏற்கிறோம். ஆனால் கோரிக்கையை ஓரடி நகர்த்தி வைக்க விரும்புகிறோம். நிலைக்கட்டணம் எதற்காக? நீ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இத்தனை கிலோவாட்டை உனக்காகத் தயாராக வைத்திருக்கிறோம் என்பதற்காக. அப்படியானால் தயாராக வைக்காத மணி நேரத்துக்கு அந்தக் கட்டணத்தை வாங்கக்கூடாது. கரண்ட் இல்லாத நேரத்தையும் அனுமதித்த அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கிய நேரத்தையும் கழித்துக்கொண்டு பில் போடவேண்டும். இது இந்த இயக்கத்தின் முதல் கோரிக்கை. தொகை சிறியதாகத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு வரியாக அது அச்சாகிற நாளில், மின்தடை எங்கள் புலம்பலாக இருந்தது போய் விநியோகக் கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவாகிவிடும். செலவானதைக் குறைக்க ஆள் வைப்பார்கள்.

சட்டம் இதற்கு எதிராக இல்லை, எங்கள் பக்கமே இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சேவைத் தரம் வகுக்கவும், தவறினால் இழப்பீடு தரவும் சொல்கிறது. 59ஆம் பிரிவு, எட்டிய தரம் எவ்வளவு, கொடுத்த இழப்பீடு எவ்வளவு என்பதை விநியோக நிறுவனம் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும், ஆணையம் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை வெளியிடவேண்டும் என்கிறது. 42ஆம் பிரிவு குறைதீர் மன்றத்தையும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரையும் தந்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகள், வேளாண்மை போன்ற சில வகைகளுக்கு ஆணையம் குறைக்கலாம் என்பது நீங்கலாக, எல்லா நுகர்வோருக்கும் 24 மணி நேர மின்சாரம் என்றே வகுக்கின்றன. சிலவகைத் தவறுகளுக்குத் தானாகவே இழப்பீடு வரவேண்டும் என்றும் சொல்கின்றன. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் இழப்பீடு கேட்டு எழுதுகிற பட்டறைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்களும் பார்த்ததில்லை. எழுதுவதற்கு நேரமும் தேதியும் வேண்டும், அது எவரிடமும் இல்லை. துணை மின் நிலையத்தில் ஒவ்வொரு ஃபீடரும் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்ற பதிவு இருக்கும். அந்தப் பதிவை மாதந்தோறும், ஊர் பெயரோடும் ஃபீடர் பெயரோடும், தமிழில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை.

முன்கூட்டிச் சொல்வதன் அருமைக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி. தென்னாப்பிரிக்காவில் 2023இல் மின்வெட்டு உச்சத்தைத் தொட்டது. ஆனால் எந்தப் பகுதிக்கு எந்த நேரத்தில் நிற்கும் என்ற அட்டவணை மக்கள் கையிலிருந்தது. இத்தனை கட்டம் என்று அறிவித்ததும் கடைக்காரர் தன் நாளைத் திட்டமிட்டார். அந்த ஊர் வெட்டு எங்களுக்கு வேண்டாம், அந்த ஊர் அட்டவணை வேண்டும். இங்கேயும் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை செய்தித்தாளில் வருகிறது. காலை 9 மணி முதல் என்று போடுவதில் தவறுவதில்லை, முடிகிற நேரத்தில்தான் தாராளம். அன்றைய திட்டமில்லாத தடைக்கும், எப்போது சரியாகும் என்ற உத்தேசத்தோடு, எங்கள் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும். இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாலையில் கூப்பிடுவோம். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று வாசலில் உட்கார்ந்திருப்பதில் போகிற கூலியைத்தான் தாங்க முடியவில்லை.

விவசாயிகளைப் பற்றி. எங்களை அவர்களுக்கு எதிராக நிறுத்திப் பேசச் சில பேர் வருவார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. உங்கள் பில் ஏறுவதற்கு அதுதான் காரணம், எதிர்த்துப் பேசுங்கள் என்பார்கள். இந்த வலையில் நாங்கள் விழமாட்டோம். எங்களில் பலர் வீட்டில் ஒரு கிணற்று மோட்டார் இணைப்பும் ஒரு பட்டறை இணைப்பும் இருக்கிறது. தவிரவும், கிராமத்துக்குக் கம்பி வந்ததே கிணற்றை நம்பித்தான். 1965 முதல் 1984 வரையான இந்திய மாநிலங்களை ஆராய்ந்த ஹுவான் பாப்லோ ருட், பம்புசெட்டுக்காக மின்சாரம் பரவிய மாநிலங்களில் தொழில் உற்பத்தியும் உயர்ந்தது என்று காட்டியிருக்கிறார். பம்புசெட்டுக்கு வந்த மின்சாரத்தின் பலனைத் தொழிலும் உண்டிருக்கிறது. கோயம்புத்தூரைப் பாருங்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் இறங்கியது, பஞ்சாலைகள் பெருகின, கிணற்றுக்குப் பம்பு செய்யும் பட்டறைகள் முளைத்தன, 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டாரே அந்த ஊரிலிருந்து வந்தது. அதே 1937இல் மேட்டூரிலும் மின்சாரம் உற்பத்தியானது. மேட்டூருக்கு வருகிற காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவது எங்கள் மாவட்டத்து ஒகேனக்கல் வழியாக. தண்ணீர் எங்களைத் தாண்டிப் போய்த்தான் மின்சாரமானது. பொறாமையில் சொல்லவில்லை. ஒரு வட்டாரத்துக்கு மின்சாரம் முறையாக வந்தால் அங்கே தொழில் எப்படிக் கிளைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

பம்புசெட்டும் பட்டறையும் ஒரே கம்பியில் தொங்குவதுதான் சிக்கல் என்றால் கம்பியைப் பிரிக்கலாம். குஜராத்தில் 2003 முதல் 2006 வரை ஜோதிகிராம் திட்டத்தில் விவசாயத்துக்குத் தனி ஃபீடர் போட்டு, ஊருக்கு நாள் முழுக்க மும்முனை மின்சாரம் கொடுத்தார்கள். கிராமத்து மாவு மில்லும் பட்டறையும் அதில் மூச்சுவிட்டன. அதே திட்டத்தில், சொந்தக் கிணறில்லாமல் பக்கத்து நிலத்துக்காரரிடம் தண்ணீர் விலைக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகைக்காரர்கள் அடிபட்டார்கள். அதனால் அப்படியே நகல் எடுக்கச் சொல்லமாட்டோம். 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் ஃபீடர் பிரிப்புக்கு நிதி கேட்க இடம் வைத்தார்கள். பாலக்கோடு, மாரண்டஹள்ளி பகுதியில் தொழில் இணைப்புகள் அடர்ந்த இடங்களுக்குத் தனி ஃபீடரும், பளு மிஞ்சிய மின்மாற்றிகளுக்குக் கூடுதல் மின்மாற்றியும் வேண்டும். பிரிக்கும்போது கடைசிப் பாசனக்காரருக்கு இப்போது கிடைக்கும் நேரத்தில் ஒரு நிமிடமும் குறையக்கூடாது. இது மூன்றாவது கோரிக்கை.

லைன்மேனும் வயர்மேனும் எங்கள் எதிரிகள் அல்லர். மழையில் கம்பம் ஏறுகிறவர் மீது கத்துவது எளிது, பல தடவை கத்தியும் இருக்கிறோம். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பகுதி கொடுத்தால் அவர் எந்தப் பட்டறைக்கு முதலில் ஓடுவார்? கையுறையும் ஏணியும் எர்த் கம்பியும் இல்லாமல் எவரையும் கம்பம் ஏறச் சொல்லி இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் வற்புறுத்தக்கூடாது. ஃபியூஸ் போட நாமே மின்மாற்றியில் கை வைப்பதும் கூடாது. இந்த இரண்டையும் மீறுகிறவருக்கு இயக்கத்தில் இடமில்லை.

எங்கள் பக்கக் கடமைகளும் இருக்கின்றன. வாங்கிய அனுமதிக்கு மேல் பளு ஏற்றிவிட்டு வோல்டேஜ் இல்லை என்று பேசுவதை நிறுத்துவோம். வீட்டு இணைப்பில் வெல்டிங் மெஷின் ஓட்டுகிறவர் நம்மில் இருந்தால், பக்கத்துப் பட்டறையின் வோல்டேஜைத் தின்கிறவர் அவர்தான் என்பதை அவரிடமே சொல்வோம். கெபாசிட்டர் வைத்துப் பவர் ஃபேக்டரைச் சரியாக வைத்துக்கொள்வோம். மோட்டாரைப் பத்து தடவை காயில் கட்டி ஓட்டுவதைவிடப் புதிது வாங்குவது எப்போது லாபம் என்ற கணக்கை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவோம். கட்சிக்கொடி இந்த இயக்கத்தின் கூட்டத்துக்குள் வராது. எல்லாக் கட்சிக்காரரும் வரலாம், செருப்பைப் போலக் கொடியையும் வாசலில் விட்டுவிட்டு.

பட்டறை வைத்திருப்பவரும் அதில் வேலை செய்பவரும் வீட்டில் ஒரு தையல் மெஷினை நம்பியிருப்பவரும் இதில் சேரலாம். சந்தா ஒரு நோட்டுப் புத்தகம், அதை எழுதுகிற உழைப்பு. முதல் பக்கத்தில் உங்கள் மின் இணைப்பு எண், வாங்கிய பளு, எந்த மின்மாற்றி என்று எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து தேதி, கரண்ட் போன நேரம், வந்த நேரம், வோல்ட் மீட்டர் இருந்தால் காலை பத்து மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அது காட்டிய எண், கெட்டுப்போன உருப்படி எத்தனை, சும்மா உட்கார்ந்த ஆள் எத்தனை பேர். கூட்டியும் எழுதவேண்டாம், குறைத்தும் எழுதவேண்டாம். ஒரு பொய்ப் பதிவு இருந்தாலும் எல்லா நோட்டையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் நோட்டுகளைச் சேர்த்து, ஒரே மின்மாற்றியில் உள்ளவர்களின் பதிவை ஒத்துப்பார்த்து, குறைதீர் மன்றத்துக்கு மனுவாகக் கொடுப்போம். இன்று கடை மூடுவதற்குள் ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.